அம்மன் தலைக்கு மேலே ஒரு வீடு

எங்கள் லைனை இடித்துவிட்டுப் புது வீடு கட்டித் தரப்போகிறோம் என்று முதன்முதலில் சொல்ல வந்தவர்கள், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். நான் என் கடைத் தோசைக்கல்லுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்றம் சாக்கடையிலிருந்து வந்தது, நிஜம்தான். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் பார்த்தது எங்கள் முகத்தை.

பர்மாவில், யாங்கோன் நகரத்துப் போட்டாதாங் படகுத்துறைக் கிடங்குகளுக்குப் பின்னால், வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகக் கூலிகளுக்காகக் கட்டிய லைன் அது. இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், நடுவில் சந்து, கோடியில் பேச்சியம்மன் கோயில். கடல் பொங்கி ஆற்றில் பெரிய ஏற்றம் வந்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். பழைய லைனை நினைத்து ஏங்குகிற ஆள் நான் இல்லை. தூங்கும்போது எலி என் கால் விரலைக் கடித்த வீடு அது. இடிக்கிறார்கள் என்றதும், தொலையட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு எரிச்சலெல்லாம் புது வீட்டைக் கட்டியவர்கள் மேலும், எங்களுக்காகப் பேசப் போனவர்கள் மேலும்தான்.

எங்களுக்காகப் பேசப் போனவர் கோயில் கமிட்டித் தலைவர் வடிவேல். வார்டு ஆபீசில் அவருக்குப் பர்மாப் பெயர், ஊ வின் நைங். கல்யாணப் பத்திரிகையில் சமூகக் காவலர். பர்மாக்காரர்கள் விசேஷத்துக்குப் போடுகிற தைபோன் சட்டையைப் போட்டுக்கொண்டு கையில் பையோடு நடந்தால், யாரோ அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

கோயிலும் லைனோடு போகிறது, அதற்குப் பதிலாகப் புதுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கோயிலுக்கு இடம் தருகிறோம் என்று வீட்டுத் திட்டத்துக்காரர்கள் சொன்னார்கள். அவ்வளவுதான், கமிட்டிக்குப் பொழுது போயிற்று. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் சண்டை. அம்மன் கிழக்கே பார்க்க வேண்டும், வாசலுக்கு நேரே விளக்குக் கம்பம் வரக் கூடாது, ஈசானி மூலை எங்கே, அக்கினி மூலை எங்கே. கடைசியில் வடிவேல் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, "இங்கேதான் ஆத்தா உட்காருவா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அது கீழ்த்தளத்துக்கான தாள். அதற்கு அடியில் மேல் மாடிகளுக்கான தாள்களும் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. லைனில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கோயிலுக்கு மேலே இருப்பது வானம். அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கும், குளிக்கும், கக்கூசுக்குப் போகும் என்பது கனவிலும் வராத விஷயம். ஈசானி மூலையைத் தேடிக் கண்டுபிடித்தவர்கள், தலைக்கு மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கட்டி முடிக்கும்வரை எங்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தன்லியினில் ஒரு தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகளில் போட்டு வைத்தார்கள். திரும்பி வந்தபோது கீழ்த்தளமும் அதற்கு மேல் ஏழு மாடியுமாகக் கட்டடம் பளபளவென்று நின்றது. திறப்பு விழாவுக்கு லாரியில் பூந்தொட்டிகள் வந்து இறங்கின. ரிப்பன் வெட்டி, படம் எடுத்து முடிந்ததும் அதே லாரியில் பூந்தொட்டிகள் ஏறிப் போயின. பொதுமக்கள் வசதிக்கென்று ஒரு உடற்பயிற்சி அறை வைத்திருந்தார்கள். உள்ளே ஓடுவதற்கு இரண்டு மெஷின். மூட்டை தூக்குகிறவனுக்கு ஓடுகிற மெஷின்! அதுவும் கரண்டு இருந்தால்தான் ஓடும். படிப்பறை என்று இன்னொன்று. அலமாரி இருந்தது, பூட்டும் இருந்தது, புத்தகம் இல்லை. லிஃப்டும் இருந்தது. யாங்கோனில் கரண்டு வருகிற அழகு தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பி ஏற மாட்டார்கள். முதல் வாரமே வடிவேலின் மைத்துனர் அதற்குள் மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கத்தினார். அதற்குப் பிறகு அதில் துடைப்பம் வைத்துக்கொண்டோம்.

வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு ஐந்தாம் மாடி விழுந்தது. விதியே என்று வாங்கிக்கொண்டேன். பவுனம்மாளுக்கு முதல் மாடி விழுந்தது. அப்போது மட்டும்தான் அந்தக் கும்பலில் எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. எனக்கே விழுந்ததுபோல் சந்தோஷம்.

காரணம் அவள் புருஷன் சுந்தர். படகுத்துறையில் அரிசி மூட்டையோடு நடைப்பலகையிலிருந்து வழுக்கி விழுந்து முதுகெலும்பு போன ஆள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பழைய லைனில் இருந்தபோது காலையில் கட்டிலோடு அவனை வாசலுக்கு இழுத்துப் போடுவாள். தூங்குமூஞ்சி மரத்து நிழலில் சாயங்காலம் வரை கிடப்பான். துறைக்குப் போகிறவன், வருகிறவன் எல்லோரும் அவனிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். எந்தக் கப்பல் வந்தது, எவன் எவளோடு ஓடிப்போனான், பந்தாட்டத்தில் யார் ஜெயித்தார்கள், எல்லாம் அவனிடம் கேட்டால் தெரியும். கால் போன பிறகும் அவன் மனிதனாக இருந்தது அந்தக் கட்டில் வாசலில் கிடந்ததால்தான். நான்கு சுவருக்குள் போட்டிருந்தால் எப்போதோ முடிந்திருப்பான். தன்லியின் கொட்டகையில் பாதி செத்துத்தான் போனான்.

முதல் மாடி என்றால் வழி இருந்தது. அமீர் அலி என்று எங்கள் லைன்காரர், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்ஷா மிதிக்கிறவர், காலையில் சவாரிக்குக் கிளம்புமுன் சுந்தரை முதுகில் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கி வருவார். முற்றத்தில் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஏற்றிவிடுவார். "ஒரு மாடிதானே அக்கா, இதுக்கு என்னா" என்பார். கூலி கேட்டதில்லை. கேட்டிருந்தால் பவுனம்மாளால் கொடுக்கவும் முடிந்திருக்காது.

ஆக, ஒரு மாடி. சுந்தரின் உயிர் அந்த ஒரு மாடியில் நின்றது.

கோயிலில் அம்மனை நிலைநிறுத்துகிற நாள் வந்தது. கீழ்த்தளத்து அறையை மாவிலையும் வாழைக்கன்றுமாக ஜோடித்திருந்தார்கள். கூரையில் குறுக்கே ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய் ஓடியது. அது எதற்கென்று கேட்காமல், தோதாக இருக்கிறதே என்று பூப்பந்தலை அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கலர் பல்பு மாலையையும் அதில்தான் சுற்றியிருந்தார்கள். வடிவேல் பட்டு வேட்டியில் நின்றார். பூசாரி கற்பூரத்தட்டை எடுத்தார். மேளம் நின்றது. எல்லோரும் கையைக் கூப்பிக் கண்ணை மூடினோம்.

அப்போது மேலே கடகடவென்று ஒரு சத்தம். குழாய் அதிர்ந்தது. பூப்பந்தல் ஆடிற்று. தண்ணீர் எதையோ இழுத்துக்கொண்டு அம்மன் தலைக்கு நேர் மேலே ஓடி, சுவருக்குள் இறங்கிப் போனது. என்ன சத்தம் என்று ஒருவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற பெண் "சிவ சிவா" என்று காதைப் பொத்திக்கொண்டாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

"யாரு? யாரு வீடு அது?" என்று வடிவேல் கத்தினார்.

யார் வீடாக இருந்தால் என்ன? ஏழு மாடிக்கும் அந்த ஒரே குழாய்தான். என் ஐந்தாம் மாடிச் சமாச்சாரமும் அதில்தான் இறங்குகிறது. இரண்டாம் மாடியில் இருக்கிற வடிவேல் வீட்டுச் சமாச்சாரமும் அதில்தான். ஆனால் எல்லோரும் ஓடிப்போய்த் தட்டியது முதல் மாடிக் கதவை. பவுனம்மாள் கையில் கழுவிய பேசினோடு வந்து கதவைத் திறந்தாள். சுந்தருக்குப் படுக்கையில் வைத்து எடுத்த பேசினை அப்போதுதான் கக்கூசில் கொட்டிக் கழுவியிருக்கிறாள். விஷயம் கேட்டதும் அவள் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதுங்க. மேளம் நின்னது கேக்கலைங்க" என்று எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளைக் கும்பிட வைத்தார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே கமிட்டி கூடிற்று. பூட்டிக் கிடந்த படிப்பறைக்கு அன்றுதான் ஒரு உபயோகம் வந்தது. ஏழாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. மாண்டலேயில் பூமி ஆடியதிலிருந்து உயரத்தைக் கண்டு பயந்துபோன ஒரு குடும்பம், குலுக்கலில் விழுந்த அந்த வீட்டை விட்டுவிட்டு மாவ்பிக்குச் சொந்தக்காரர்களிடம் போய்விட்டது. பவுனம்மாள் அங்கே போகட்டும், முதல் மாடி வீடு அம்மனுக்காகக் காலியாகக் கிடக்கட்டும் என்று வடிவேல் யோசனை சொன்னார்.

"ஆத்தா தலைக்கு மேல மனுசன் படுக்கலாமா? அதுவும் படுக்கையிலேயே எல்லாம் போற ஆளு? பவுனு, இது ஒனக்குக் கெடைச்ச பாக்கியம்னு நெனைச்சுக்க. ஆத்தாவுக்காக எடம் விட்டேன்னு பேரு இருக்கும்" என்றார்.

பவுனம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். "ஏழாம் மாடிக்கு அவரை எப்படிங்க தூக்குறது?"

"லிஃப்ட் இருக்குல்ல?"

"அதுல தொடப்பம் இருக்கு" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. வடிவேல் என்னைப் பார்க்காமலே பவுனம்மாளிடம் சொன்னார்: "எதுக்கு எறங்கணும்கிறேன்? பால்கனியிலேர்ந்து கயித்துல கூடையைக் கட்டி விட்டாக்க, காய்கறி, பேப்பர், மருந்து, எல்லாம் மேல வந்துரும். யாங்கோன் பூரா அப்படித்தானே பொழைக்குறாங்க?"

"சாமான் மேல வரும்ங்க. எம்புருசன் கூடையில கீழ வருவாரா?"

அமீர் அலியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கோயில் விஷயத்தில் தலையிடக் கூடாதே என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "ஒரு மாடின்னா நான் தூக்குவேன். ஏழு மாடின்னா என்னையே ரெண்டு பேரு தூக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எழுந்து என் பங்குக்குச் சொன்னேன். "ஏழு வீட்டுக் கக்கூசும் அந்தக் குழாயிலதான் போகுது தலைவரே. ஒங்க வீட்டுது மட்டும் பன்னீரா?" என்றேன். பேச்சி யார்? பிரசவம் பார்க்கிற தெய்வம். ரத்தமும் பீயும் மூத்திரமும் பார்த்துப் பார்த்துத்தான் அவள் கை பழகியிருக்கிறது. அதைப் பார்த்து அருவருக்கிறவளாக இருந்தால் அவள் ஏன் பேச்சியாக இருக்கிறாள், வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்றும் கேட்டேன். தலைவர் முகம் சிவந்தது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் பேச்சு முதல் மாடியைத் தாண்டித் தங்கள் மாடிக்கு வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

குழாயை நகர்த்த முடியுமா என்று கேட்பதற்காகத் திட்டத்து எஞ்சினியரை வரவழைத்தார்கள். தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு சின்னப் பெண் வந்தது. பெயர் மா தீரி. நிமிர்ந்து குழாயைப் பார்த்தது, அதில் தொங்குகிற கலர் பல்பைப் பார்த்தது, பிறகு வடிவேலைப் பார்த்தது. குழாயை நகர்த்தினால் கட்டடத்தையே உடைக்க வேண்டும் என்று பர்மியில் சொல்லிவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டது: "உங்கள் தெய்வத்தை ஏன் இவ்வளவு கீழே வைத்தீர்கள்? நாங்கள் புத்தரை வீட்டில் எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில் அல்லவா வைப்போம்? ஏழாம் மாடியில்தான் ஒரு வீடு காலியாக இருக்கிறதே. அம்மனை அங்கே கொண்டுபோங்கள். அவருக்கு மேலே யாரும் இருக்க மாட்டார்கள்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. எவ்வளவு சுலபம்! பவுனம்மாள்கூட முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

கமிட்டி யோசித்தது. யோசித்து யோசித்து ஒவ்வொருவராகக் காரணம் கண்டுபிடித்தார்கள். அம்மன் பாதம் மண்ணில் பட வேண்டும் என்றார் ஒருவர். புதுக் கோயிலில் அம்மன் பாதம் பட்டது டைல்ஸில். தீர்த்தக் குடத்தை மாடிப்படியில் தூக்கினால் தளும்பும் என்றார் இன்னொருவர். வடிவேல் தம் முழங்காலைத் தடவிக்கொண்டே, "பக்தர்கள் நெலமையையும் நெனைச்சுப் பாக்கணும். தெனமும் ஏழு மாடி யாரு ஏறுவா?" என்றார்.

முதுகெலும்பு உடைந்தவனை ஏற்றலாம். முழங்கால் வலிக்காரர் ஏறக் கூடாது. இதைச் சொல்லும்போது அந்த ஆளுக்குக் குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

அம்மன் கீழேயே இருப்பாள், பவுனம்மாள் மேலே போக வேண்டியது என்று முடிவு எழுதப்போகிற நேரத்தில் அவள் முன்னால் வந்தாள்.

"கக்கூசுதானே தலைவரே பெரச்சினை? அதை நான் அடைச்சிர்றேன். சிமெண்டு போட்டு மூடிர்றேன். அவரு கக்கூசுக்கா போறாரு? பேசின்தான். நான் கீழ தூக்கிட்டுப்போயி, பின்னாடி கொத்தனாருங்க கட்டி வச்ச கக்கூசுல கொட்டிர்றேன். நானும் அங்கேயே போயிக்கிறேன். வீட்டை மட்டும் புடுங்காதீங்க."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லோருக்கும் நிம்மதி. வடிவேல் அவளைப் பொம்பளைச் சிங்கம் என்று பாராட்டினார். "கெய்ஸா மெஷிபூ" என்று பர்மியில் வேறு சொல்லிக்கொண்டார், ஒரு பிரச்சினையும் இல்லையாம். பிறகு கிளம்புகிற நேரத்தில், "ஒண்ணு மட்டும் பவுனு. படி எறங்கி வர்ற வழி ஆத்தா சந்நிதிக்கு நேரா இருக்கு. தெரை போட்ட பின்னாடி பேசினை எடுத்துட்டு வா. நடை தெறந்திருக்கும்போது வேணாம்" என்றார்.

மறுநாள் கொத்தனார் வந்து சிமெண்டைப் பூசி மூடினான். மற்ற மாடி வீடுகளின் சமாச்சாரம் வழக்கம்போல் அம்மன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வரும்போதெல்லாம் பூசாரி மணியை ஓங்கி அடிப்பார். பாவம் முதல் மாடியில்தான் இருந்தது, அதை மூடியாகிவிட்டது. மற்ற மாடிகளிலிருந்து வருவதெல்லாம் வெறும் தண்ணீர் என்று பக்தர்கள் தீர்மானித்துவிட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. பவுனம்மாள் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் துணி போட்டு மூடிய பேசினுமாகக் கொத்தனார் கக்கூசுக்குப் போவாள். மழை வலுத்தால் முற்றத்தில் முழங்கால் தண்ணீர். நடை திறந்திருந்தால் மாடிப்படித் திருப்பத்தில் பேசினைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பாள், உள்ளே பூஜை முடிந்து திரை விழும்வரை. செவ்வாய், வெள்ளியில் பூஜை முடிய நேரமாகும். இறங்கி வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் சுவரோரம் ஒட்டிக்கொண்டு போவார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் கேட்டால், "பரவால்லக்கா, அவரு வெளியில கெடந்து நாலு பேரைப் பாக்குறாருல்ல" என்பாள்.

சுந்தருக்குக் காலையில் தோசை நான்தான் கொடுப்பது. மூன்று தின்கிற ஆள். ஒருநாள் இரண்டு போதும் என்றான். பிறகு ஒன்று. பிறகு ஒன்றில் பாதியைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டான். என் தோசையைக் காக்காய்க்குப் போடுகிறாயா என்று சண்டைக்குப் போனேன். "வயிறு மந்தமா இருக்குக்கா" என்றான். டீ வாங்கிக் கொடுத்தால் வாயை நனைத்துவிட்டு வைத்துவிடுவான். பவுனம்மாள் மருந்துக் கடைக்கு ஓடினாள், பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடிக்க வைத்தாள், அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை போட்டாள்.

ஒருநாள் அமீர் அலி அவனை இறக்கிவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். தோசையைத் தொடவில்லை.

"அக்கா, அவன் எடை கொறைஞ்சுக்கிட்டே வருது. எம்முதுகுக்குத் தெரியுது. முன்னாடி அவனைத் தூக்குனா எனக்கு மூச்சு வாங்கும். இப்ப ஒரு தலகாணி தூக்குற மாதிரி இருக்கு" என்றார்.

நான் சுந்தரைப் போய்ப் பார்த்தேன். இவ்வளவு நாளாகப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் அவன் கழுத்தெலும்பு கண்ணில் பட்டது. போர்வைக்கு அடியில் உடம்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை. "டேய், ஒனக்கு என்னா?" என்று கேட்டேன். சிரித்தான். பர்மாக்காரர்கள் ஆனாதே என்று ஒன்று சொல்வார்கள், அடுத்தவருக்குத் தன்னால் சிரமம் வருகிறதே என்ற கூச்சத்துக்கு. எங்கள் ஆட்கள் அதை வாயால் சொல்வதோடு சரி. சுந்தருக்கு அது எலும்புவரைக்கும் இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை. வியாதி என்றே நினைத்தேன்.

மண்டல பூஜை முடிவில் முற்றத்தில் அன்னதானம் வைத்தார்கள். பந்தல் போட்டு, வரிசையாகப் பாய் விரித்து, கட்டடமே இறங்கி வந்து உட்கார்ந்தது. திட்டத்துக்காரர்களும் வந்திருந்தார்கள், இந்தத் தடவை கைக்குட்டை இல்லை. வடிவேல் தம் கையாலேயே பரிமாறினார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சோற்று வாளியோடு ஒவ்வொரு இலையாக அவர் வர, போனில் படம் எடுக்க ஒரு ஆள் பின்னாலேயே வந்தான். சுந்தரின் கட்டிலை வரிசைக் கடைசியில் போட்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்தியிருந்தோம். அவன் முன்னால் ஸ்டூலில் இலை. பவுனம்மாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்துகொண்டிருந்தாள். நான் அவனுக்குப் பக்கத்துப் பாயில் இருந்தேன்.

வடிவேல் அவன் இலைக்கு வந்ததும் போன்காரனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஊனமுற்றவனுக்குச் சோறு போடுகிற படம் அல்லவா, நன்றாக விழ வேண்டும். கரண்டியை நிறைத்துத் தூக்கினார். சுந்தர் இலை மேல் கையை விரித்து மூடினான்.

"போடவா, போடவா? வயிறு நெறையச் சாப்புடப்பா" என்றார் வடிவேல்.

"தலைவரே, நான் எவ்வளவு சாப்புடலாம்?" என்றான் சுந்தர்.

"இதென்ன கேள்வி?"

"நான் சாப்புட்டா அது வெளிய வரும். வந்தா அவ தூக்கணும். தூக்கிக்கிட்டு, நீங்க தெரை போடுற வரைக்கும் படியில நிக்கணும். நீங்களே சொல்லிருங்க. எவ்வளவு சாப்புட்டா ஒங்களுக்கெல்லாம் தொந்தரவு இல்லாம இருக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறவன் போலத்தான் கேட்டான். வரிசையில் மெல்லுகிற சத்தம் நின்றது. போன்காரன் கையை இறக்கினான். பாதித் தோசை, காக்காய், நனைத்து வைத்த டீ எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கிற்று. இந்த ஆள் எங்கள் கண் முன்னால், தினமும் எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

வடிவேல் என்ன செய்தார் தெரியுமா? அவர் அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம், வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருந்தால்கூட நான் கொஞ்சம் மதித்திருப்பேன். அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு கரண்டியிலிருந்து பாதிச் சோற்றை வாளிக்குள் திரும்பத் தட்டிவிட்டு, மீதி அரைக் கரண்டியை அவன் கைக்குப் பக்கத்தில் இலையில் வைத்தார்.

பின்னால் கூஜா விழுந்த சத்தம் கேட்டது. பவுனம்மாள் வந்து நின்றிருந்தாள். புருஷன் பட்டினி கிடந்தது வியாதியால் இல்லை, தனக்காக என்று அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. வடிவேல் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். வாளியில் விட்டு அள்ளினாள். இலை கொள்ளாமல் ஸ்டூலில் சிந்துகிறவரை அள்ளி அள்ளிப் போட்டாள்.

"சாப்புடு. எம்மேல சத்தியமா சாப்புடு. இனிமே நான் எதையும் தூக்க மாட்டேன்" என்றாள்.

"பவுனு, ஆத்தா தலைக்கு மேல..." என்று வடிவேல் ஆரம்பித்தார்.

"வேணும்னா ஆத்தா எங்கிட்ட வந்து சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க."

கரண்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பந்தல் கால் ஊன்றக் குழி தோண்டிய கடப்பாரை ஓரமாகக் கிடந்தது. அதை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படியேறினாள். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து அவள் பின்னால் போகப் பார்த்தேன். படியிலிருந்து திரும்பி, "நீ அவருகூட இரு, அக்கா" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் மேலே சிமெண்டை உடைக்கிற சத்தம் ஆரம்பித்தது. சந்நிதிக் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. கமிட்டியில் ஒருவர்கூடத் தடுக்கப் போகவில்லை, உதவவும் போகவில்லை. அப்போதுதான் அப்பளம் வந்துகொண்டிருந்தது. எல்லோரும் இலையைக் குனிந்து பார்த்து, வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

சுந்தரும் சாப்பிட்டான். முதலில் மெதுவாக, பிறகு பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி, கன்னத்தில் பருக்கை ஒட்ட, கண்ணீர் ஒழுக. ஸ்டூலில் சிந்தியதைக்கூடப் பொறுக்கித் தின்றான். இலை காலியானதும் நிமிர்ந்து பார்த்தான். வடிவேல் வாளியோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார்.

"தலைவரே, சோறு" என்றான்.

அவர் குனிந்து போட்டார். முழுக் கரண்டி.